என் பெட்டிக்கு என் சல்லடை

2004ஆம் வருடம் திருத்தணி பஜாரில் ஒரு மாடியில் எனக்கு வேலை. பொதட்டூர்பேட்டைத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணியை நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்யும் ஆபீஸ். அங்கே லாகோஸ் நகரத்து வியாபாரி ஒகோரோ ஆர்டர் கொடுத்தால்தான் எங்கள் வீட்டுத் தறி ஓடும். அந்த ஆடியில் அவரிடமிருந்து ஒரு மெயிலும் வரவில்லை.

"இன்னாம்மா மோகனப்ரியா, மெயில் பாக்கறியா, தூங்கிகினு இருக்கியா?" என்றார் முதலாளி கஜபதி. "ஒகோரோ போன்ல கத்தறான். மெயில் மேல மெயில் போட்டானாம். இன்னிக்குப் பதில் இல்லன்னா ஆர்டர வேற ஊருக்குக் குடுத்துடுவானாம்."

"வந்தாத்தானேங்க பாக்க முடியும்?"

கம்ப்யூட்டர் பார்க்கும் பரத்வாஜிடம் போனேன். எங்கள் போன் லைனில் குப்பை மெயில் இறங்கியே காலை நேரம் போய்விடும். அதனால் போன மாதம்தான், மெட்ராஸ் சர்வரிலேயே குப்பையைத் தடுக்க ஒரு ஃபில்டர் போட்டிருந்தார். அதற்காக நானும் அவரைப் பாராட்டியவள்தான்.

"ஃபில்டர்ல எதெல்லாம் தடுக்கறீங்க?"

"லாட்டரி, மாத்திரை, அப்புறம் நைஜீரியான்னு இருந்தா எல்லாம். செத்துப்போன மந்திரியோட சம்சாரம் பெட்டி நிறைய டாலர் வெச்சிண்டு நம்மள தேடறாளே, அந்த மோசடி மெயில்."

"நாம துணி அனுப்பறதே நைஜீரியாவுக்கு!"

அவர் முகம் வெளுத்தது. "நான் கம்ப்யூட்டர் பார்க்கறேன், துணியா பார்க்கறேன்?"

"தடுத்ததெல்லாம் எங்க?"

"அழிஞ்சிடும்."

திரையைச் சுட்டிக் காட்டினேன். "அந்த நைஜீரியா வரிய எடுங்க."

"எடுத்தா முதலாளியோட மெயில் பெட்டி நாறிடும். அவர் என்னைத்தான் திட்டுவார்."

"அவர் பெட்டிக்கு இருக்கட்டும். என் பெட்டிக்கு மட்டும் எடுங்க. ஆளுக்கு ஒண்ணு வைக்க முடியாதா?"

கீபோர்டில் எதையோ தட்டிப் பார்த்தார். "முடியும். அவங்கவங்களே மாத்திக்கற பக்கம் ஒண்ணு இருக்கு. நான்தான் பூட்டி வெச்சேன். ஆளாளுக்குக் கை வெச்சு கெடுத்துடுவீங்களேன்னு."

"யார் கெடுப்பாங்க, என்னை மாதிரி தறிக்காரன் பொண்ணா? எனக்கு எது குப்பைன்னு எனக்குத் தெரியாதா சார்? என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் அந்தப் பக்கத்தின் பூட்டை எடுத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். 'நைஜீரியா' வரியை நானே அழித்தேன். ஒகோரோவின் முகவரியை 'எப்போதும் உள்ளே விடு' என்ற கட்டத்தில் சேர்த்தேன். மற்ற சந்தேக மெயில்களை அழிக்காமல் தனியாக வைக்கும்படி மாற்றினேன். அந்த வசதியும் அங்கேயே இருந்தது.

ஒகோரோவுக்குப் போன் போட்டு, தப்பு எங்களுடையது, இன்னொரு முறை அனுப்புங்கள் என்றேன். சிரித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை. லைன் சரியில்லை.

சாயங்காலம் மோடம் இரைந்து அடங்கியது. முதலில் வந்தது மந்திரியின் சம்சாரம். அடுத்தது ஒரு பேங்க் மேனேஜர். அதற்கடுத்து ஒகோரோ. அதற்குள் ஆர்டரில் பாதியை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டாராம். மீதி நமக்கு, ஆனால் சிவப்புக் கட்டம் இன்னும் அகலமாக வேண்டுமாம்.

கஜபதி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "இவ்ளோ குப்பை வருதே? பழையபடி அடைச்சுடச் சொல்லட்டா?"

"வேணாங்க. நானே பெருக்கிக்கறேன்."

பாதி ஆர்டர் போன வயிற்றெரிச்சல் எனக்கு அடங்கவில்லை. இருந்தாலும் கட்டத்தின் அகலத்தை, வீட்டில் தறி ஓட்டும் என் நைனாவிடம் சொல்ல வேண்டும். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனை எடுத்தேன்.