ஜோயல் கிளம்பினால் எரியும் விளக்கு

தொழிற்சாலைகளுக்கு ஜோயல் விற்ற சென்சார்களில் இருந்த விளக்கு, அவன் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எரியத் தொடங்கியது. இரும்பு பக்கத்தில் வந்தால் மட்டும் எரிய வேண்டிய சின்ன மஞ்சள் விளக்கு அது. பூந்தமல்லியில் அவன் பைக்கை ஸ்டார்ட் செய்ததும், எந்தத் தொழிற்சாலைக்குக் கிளம்பினானோ அங்கே மட்டும் எரியும். அதனால் உற்பத்திக் கணக்கு பிசகவில்லை, லைனும் நிற்கவில்லை. எனவே ஒரகடம் பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் மழை தாமதித்ததைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கஷ்டம் ஜோயலுக்குத்தான். வாடிக்கையாளர் போன் செய்தால், வாயில் பற்பசை நுரையோடு "தண்டலம் தாண்டிட்டேன் சார்" என்பது அந்தச் சாலையில் எல்லா சேல்ஸ்காரர்களும் சொல்வதுதான். பொய் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்; ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஜோயலுக்கு அந்தச் சலுகை போயிற்று. "இன்னா ஜோயலு, வெளக்கே எரியல, தண்டலம் தாண்டிட்டேன்ற?" என்று சூப்பர்வைசர் தணிகாசலம் போனிலேயே மானத்தை வாங்குவார். வேறு வழியில்லாமல் ஜோயல் நேரத்துக்குக் கிளம்பப் பழகினான். நேரத்துக்கு வரும் சேல்ஸ்காரன் அபூர்வம் என்பதால் ஆர்டர்கள் குவிந்தன. சில வருடங்களில் புனேயில் பெரிய பதவி அவனைத் தேடி வந்தது.

தணிகாசலம் வேலை பார்த்த பிள்ளைப்பாக்கம் தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியர் சசிரேகா. கறாரானவள், சரக்கைத் திருப்பி அனுப்புவதில் பேர் போனவள். அவளுடைய லைனில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேலையின்போதும் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் எரியும், அணைந்துவிடும். அன்றைக்கு ஜோயலுக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது. பழுது என்று சென்சாரை மாற்றினாள். புதியதும் அப்படியே எரிந்தது. அதையும் மாற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அவன் தன்னைப் பார்க்கக் கிளம்புகிறான், பாதி வழியில் தைரியம் போய்த் திரும்பிவிடுகிறான். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அவளே கேட்டு ஓவர்டைம் வாங்கிக்கொண்டாள்.

ஊரையே பேச்சில் மடக்குகிறவனுக்கு இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. அவளாலும் கேட்க முடியவில்லை. ஒரு விளக்கை நம்பி ஒருவனிடம் என்னவென்று கேட்பது? அவன் புனே போகப்போவதைத் தணிகாசலம்தான் சொன்னார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இனி அந்த விளக்கு எரியாது.

அவன் ரயிலேற வேண்டிய ஞாயிறும் வந்தது. காலையிலேயே விளக்கு எரிந்தது. வழக்கமாக அணையும் நேரம் தாண்டியும் அணையவில்லை. வெளிச்சம் கூடிக்கொண்டே போய், லைனில் நின்ற பெண்களின் முகமெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல ஆயிற்று. சசிரேகா போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க ஜோயல்?"

"வூட்லதான் மேடம். பேக் பண்ணிக்கினு இருக்கேன்."

வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் இருப்பதாகச் சொன்ன சேல்ஸ்காரன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

"பொய் சொல்லாதீங்க. இங்க வெளக்கு எரிஞ்சிக்கினு இருக்குது. கேட்டாண்டயே நில்லுங்க, வரேன்."

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான்.

"புனே போறீங்களா?"

"நீங்க சொன்னா போவல மேடம்."

"போவாதீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் ரயில் அவன் இல்லாமல் போயிற்று.

கல்யாணம் சர்ச்சில் ஒரு முறையும் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஒரு முறையும் நடந்தது. ஜோயல் பழைய வேலையிலேயே இருந்துவிட்டான். தினமும் சாயங்காலம் சசிரேகாவை அழைத்துப்போக அவன் கிளம்பியதும் விளக்கு எரியும். அதைப் பார்த்து லைனில் பெண்கள் வீட்டுக்குக் கிளம்ப டிபன் பாக்ஸை எடுத்து வைப்பார்கள். போன மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நின்று அவன் கிளம்பத் தாமதமாயிற்று. ஷிப்ட் முடியும் சைரன் அடித்தது. ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஓடி வந்து என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஷிப்ட் இன்னும் முடியல சார்" என்றாள் லைனில் மூத்தவளான முனியம்மாள், சென்சாரைப் பார்த்தபடி.