டாக்டர் வரட்டும்

ஓசூரை அடுத்து, ஜூஜுவாடி மாநில எல்லையில் லாரிகள் உறுமிக்கொண்டு வரிசை கட்டி நின்ற அந்த விடியற்காலையில், பவுலினா கட்டிலுக்குக் கட்டில் ஓடி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த பலகை அதை மருந்து ஆராய்ச்சி மையம் என்றது. உள்ளே இரண்டு வரிசைக் கட்டில்கள், ஒவ்வொன்றின் மேலும் நிமிர்ந்து உட்கார்ந்த ஓர் ஆண். சோதனைக்கு வந்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கியவர்கள். படுக்கக் கூடாது, எதுவும் தின்னக் கூடாது. புறங்கையில் செருகிய குழாய் வழியே குறித்த நேரத்துக்கு ரத்தம் எடுத்தாக வேண்டும், தவறினால் அத்தனை பாடும் வீண். ரத்தம் பிடித்த குப்பியை மெல்லப் புரட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் நட்டுவிட்டு அடுத்த கட்டில். கையுறைக்குள் வியர்வை ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன.

கட்டிலில் இருந்தவர்கள் சிப்காட்டில் வேலை போனவர்கள். ஊத்தங்கரைப் பக்கம் மழை பொய்த்துக் கிளம்பி வந்தவர்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகியை யானைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். காகிதத்தில் அவர்களுக்குத் தன்னார்வலர்கள் என்று பெயர். அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பவுலினா எலத்தகிரிக்காரி. பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக இரவு டியூட்டி பார்த்து இடுப்பொடிந்தவள். ஆராய்ச்சிப் பக்கம் போனால் நர்சுக்கும் மரியாதை உண்டு, கோஆர்டினேட்டர் ஆகலாம் என்று கேள்விப்பட்டு, தனியாக ஒரு கோர்ஸ் படித்துவிட்டு இங்கே சேர்ந்தாள். அவள் அப்பா ஐசக், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, மகள் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேர்ந்த அன்றைக்கே அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டது கம்பெனி. இந்த வருஷம் சம்பளத்தில் இரவுப் படியை வெட்டினார்கள். அடுத்து, கூடத்தில் எந்நேரமும் இருந்த டாக்டரை நிறுத்திவிட்டு, போனில் கிடைப்பார் என்றார்கள்.

"அக்கா, கண்ணு கத்தலெ... கத்தலெ" என்றார் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ராமப்பன். இருட்டுகிறது என்று கன்னடத்தில் சொன்னார். அது சர்க்கரையை இறக்குகிற மாத்திரை. கூடவே கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை அவர் அப்போதே வாந்தி எடுத்திருந்தார். பவுலினா திரும்புவதற்குள் சரிந்து, கட்டில் இரும்பில் தலை மோதிக் கீழே விழுந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை கால் வெட்டிக்கொண்டது.

"போன எடுக்க மாட்டேங்கறாருடி அந்த டாக்டரு" என்று சீனியர் நர்ஸ் மாதேஸ்வரி மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லாமல் எதையும் உள்ளே ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி. பவுலினாவின் கை விதியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குளுக்கோஸை ஊசியில் இழுத்து, ராமப்பனின் கையில் இருந்த அதே குழாயில் ஏற்றியது. எடுப்பதற்காகவே போட்ட குழாய் அது. ஆஸ்பத்திரியில் பழகிய கை, கொடுத்துவிட்டது.

ராமப்பன் கண் விழித்தார். மண்டையில் வழிந்த ரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கம்பெனி காரில் ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்கள்.

முற்பகலில் முதலாளி சுரேந்தர் பவுலினாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்திப் பேசாத மனிதர். யாருக்கும் நாற்காலி காட்டாமல் விடமாட்டார்.

"உட்காருங்க பவுலினா. டீ சொல்லட்டுமா?"

"வேணாங்க சார். ராமப்பன் எப்படி இருக்காரு?"

"தலைக்குள்ள லேசா ரத்தம் கட்டியிருக்காம், பாத்துக்கலாம். நீங்க என்ன பண்ணிட்டீங்கன்னு புரியுதா? டெஸ்டு கெட்டுப்போச்சு, மருந்தக் குடுத்த கம்பெனிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"டாக்டர் போன எடுக்கல சார்."

"எடுக்கற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். இது ஆஸ்பத்திரி இல்ல."

"அதுக்குள்ள அந்தாளு போயிருப்பாரு சார்."

சுரேந்தர் பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கு எத்திக்ஸ் கமிட்டியிலருந்து ஒரு அம்மா விசாரிக்க வர்றாங்க. உங்களத்தான் கேப்பாங்க. ராமப்பன் குடிச்சிருந்தாரு, வாடை அடிச்சுதுன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான். கோஆர்டினேட்டர் போஸ்ட் உங்களுக்குத்தான்."

"உள்ள விடறப்பவே ஊதச் சொல்லிப் பாத்தோமே சார்."

"அப்புறம் பாத்ரூம்ல வச்சுக் குடிச்சிருக்கலாம்."

"சொல்லலன்னா?"

"டாக்டர் உத்தரவு இல்லாம மருந்து ஏத்தின நர்சுன்னு நான் எழுத வேண்டி வரும். எந்த ஆஸ்பத்திரியிலயும் சேத்துக்க மாட்டாங்க. உங்க சர்ட்டிபிகேட் எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க." கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதல் போலவே சொன்னார்.

உடை மாற்றும் அறையில் காத்திருந்த வினோதாவிடமும் மாதேஸ்வரியிடமும் பவுலினா எல்லாவற்றையும் சொன்னாள். வினோதா வயதில் எல்லா நர்சுகளுக்கும் இளையவள், பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். "சொல்லிடுக்கா. அவரு எப்படியும் பொழச்சுக்குவாரு. நாம பொழைக்க வேணாமா? நான் எழுதிக் குடுத்த பாண்டு முடிய இன்னும் எவ்வளவோ கெடக்கு."

"இன்னிக்கு இவ கை, நாளைக்கு உன் கை" என்றாள் மாதேஸ்வரி. "அன்னிக்கு யாரு குடிச்சான்னு சொல்லுவ நீ?"

பவுலினா புதுக் கையுறையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வாடை அடித்தது, வாடை அடித்தது. சொல்லச் சொல்ல அது சுலபமாகிக்கொண்டே வந்தது. தன்னை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

வேலை முடிந்து மூவரும் வெளியே வந்தபோது கேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர். ராமப்பனின் மனைவி சாந்தம்மா.

"பவுலினா சிஸ்டர் நீங்கதானா? அவருதான் உங்க பேரச் சொன்னாரு. அந்த சிஸ்டர் இல்லன்னா நான் இல்லன்னாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனி ஆளு ஒருத்தர் வந்து, உம் புருசன் குடிச்சிருந்தான், வைத்தியச் செலவு எங்களுது இல்லன்னுட்டுப் போறாரு. நெசமா சிஸ்டர்?"

சாந்தம்மாவே தொடர்ந்தாள். "அவரு குடிக்கறவருதான், நான் இல்லேங்கல. ஆனா வேலைக்குப் போற அன்னிக்குத் தொடமாட்டாரு. இதையும் வேலைன்னு நெனச்சுத்தானே வந்தாரு."

மத்தியானம் முழுக்கப் பழகிய பொய்யைப் பவுலினா விட்டுவிட்டாள். எத்தனை காகிதத்தில் எப்படி எழுதினாலும், அவளும் ராமப்பனும் ஒரே கூரையின் கீழ் வேலைக்கு வந்தவர்கள்தான்.

"குடிக்கலக்கா" என்றாள். "மாத்திரையில மயங்கினாரு. பக்கத்துல டாக்டர் இருந்திருக்கணும், ஆனா யாரும் இல்ல. யாரு வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

சாந்தம்மா அவள் கையைப் பிடித்து அழுதாள். பவுலினாவுக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். மாதேஸ்வரிதான் பேச்சை ஆரம்பித்தாள். "இவ மட்டும் சொன்னா இவளத் தூக்கிருவாங்க. நாளைக்கு மாத்திரை போட வேற ஆளுங்க வர்றாங்க. கூடத்துல டாக்டர் வந்து நிக்கற வரைக்கும் யாரும் மாத்திரைய எடுத்துக் குடுக்க வேணாம். மத்த புள்ளைங்ககிட்ட நான் பேசறேன்."

வினோதா பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்து நின்ற பிறகுதான் பேசினாள். "வர்றவங்கள்ல பாதிப் பேரு தெலுங்குக்காரங்க. அவங்களுக்கு யாருக்கா சொல்றது? நான்தானே சொல்லணும்."

மறுநாள் காலை. கட்டில்களில் புது முகங்கள், குழாய் போட நீட்டிய கைகள். நர்சுகள் எல்லோரும் வந்திருந்தார்கள், ஒருவரும் கையுறை மாட்டவில்லை. பவுலினா தமிழில் சொன்னாள், மாதேஸ்வரி கன்னடத்தில் சொன்னாள். வினோதா தெலுங்கில், நேற்று நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"மாத்திரை போடலன்னா காசு வராதேம்மா" என்றார் ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒருவர்.

"காசு வருமான்னு எனக்கும் தெரியலீங்க" என்றாள் பவுலினா. "வராமக்கூடப் போவலாம். சேந்து கேப்போம்."

சுரேந்தர் வந்தார். இந்த முறை யாருக்கும் நாற்காலி காட்டவில்லை. "பவுலினா, உங்க ஒருத்தருக்காக இத்தன பேரு பொழப்பக் கெடுக்கறீங்க."

"ஒருத்தருக்காக இல்லீங்க சார். டாக்டர வரச் சொல்லுங்க, அடுத்த நிமிசம் ஆரம்பிக்கறோம்."

"அத்திப்பள்ளி ஏஜென்சியில சொல்லியாச்சு. இப்ப வேன்ல நர்சுங்க வருவாங்க. அப்ப நீங்க எல்லாரும் வெளிய போயிடலாம்." பிறகு கட்டில்களைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க கையக் குடுங்கப்பா, இவங்க பேச்சக் கேக்காதீங்க."

ஒருவரும் அசையவில்லை. ஊத்தங்கரைக்காரர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரர் அதற்கடுத்தவரைப் பார்த்தார். பிறகு ஊத்தங்கரைக்காரர் நீட்டியிருந்த கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "டாக்டர் வரட்டும் சார்" என்றார். வரிசையில் ஒவ்வொரு கையாக மடங்கியது.

சற்று நேரத்தில் வேன் வந்துவிட்டது. கமிட்டி அம்மா இனிமேல்தான் வரவேண்டும். சான்றிதழ்கள் இன்னும் சுரேந்தரின் அலமாரிக்குள்தான் இருந்தன. நர்சுகள் வெளியே வந்து படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேனிலிருந்து முதலில் இறங்கியவள் வினோதாவின் வயசுக்காரிதான். கதவைத் தாண்டிக் கூடத்தையும், கையை மடக்கி உட்கார்ந்திருந்த ஆண்களையும், படியில் இருந்தவர்களையும் பார்த்தாள்.

"டாக்டர் இல்வா அக்கா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் பவுலினா. "அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்."

அந்தப் பெண் வேனில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். பிறகு தோளிலிருந்த பையை இறக்கிப் படியில் வைத்தாள். வினோதா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.