இரட்டிப்பாக ஏறிய புள்ளி

ஒரு வீட்டின் மூத்த மருமகள் தன் ஆபீசில் எழுதிய கேமில் அரக்கன் செத்தால், அவனுக்கான புரோகிராமே சத்தம், புள்ளி, கதவு என்று ஒவ்வொன்றையும் தேடிப்போய் அவன் செத்ததைச் சொல்லும். அதே ஆபீசில் சேர்ந்த அவளுடைய ஓரகத்தி அதை மாற்றினாள். அரக்கன் "செத்தேன்" என்று ஒரு தடவை அறிவித்தால் போதும். அதைக் கேட்கப் பெயர் பதிந்தவை எல்லாம் கேட்டுத் தம் வேலையைச் செய்துகொள்ளும். மேனேஜர் மெச்சியதில் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் புள்ளி இரட்டிப்பாக ஏறியது.

"இவ வேலையோட லட்சணத்தப் பாருங்க சார்!" என்று மூத்தவள் எல்லார் முன்னாலும் கூவினாள்.

சின்னவள் வரிவரியாகத் தேடினாள். மூடிவிட்ட பழைய புள்ளித் திரையும் இன்னும் கேட்டு, தன் பங்குக்கு ஒரு தடவை புள்ளியை ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தத் திரையை மூடியபோது அதன் பெயரை நீக்க மறந்தது மூத்தவள்தான். பின்னால் நின்ற அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான்தான் கவனிக்கல சார்," என்று சொல்லி, விட்டுப்போன வரியைச் சின்னவளே சேர்த்தாள்.

"தங்கமான பொண்ணும்மா நீ," என்றார் மேனேஜர்.

மூத்தவள் தன் இடத்துக்குப் போய், தான் எழுதிய மற்ற திரைகளில் பெயரை நீக்கும் வரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.