வயிற்று வலி என்று எழுதிய சீட்டு

எனக்கு வயிறு வலித்ததே இல்லை. ஆனால் கம்பெனி மெடிக்கல் ரூம் ரெஜிஸ்டரைப் புரட்டினால், இரண்டு மாதத்தில் மூன்று முறை என் பெயருக்கு நேராக வயிற்று வலி என்று இருக்கும். மூன்றும் நானே எழுதிக் கொடுத்த சீட்டுதான்.

ஒரகடத்தில் வண்டி ஹெட்லைட் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் கடைசி செக்கிங்கில் நிற்கிறேன். பெயர் வசந்தகுமார், வயது முப்பத்துநாலு. லைனை விட்டு மெடிக்கல் ரூமுக்குப் போக வேண்டுமென்றால் சீட்டில் காரணம் எழுதி லைன் லீடரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். லைன் லீடர் சுவாதிக்கு இருபத்துநாலு வயது. அந்தப் பெண்ணிடம் போய் 'விதையில் கட்டி' என்று எழுதி நீட்டச் சொல்கிறீர்களா? உயிரே போனாலும் எழுத மாட்டேன். உயிர் போய்விடும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன், அது வேறு கதை.

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. இடது பக்கம், வேர்க்கடலை அளவு. வலி இல்லை. வலிக்காத கட்டிதான் மோசம், கேன்சராக இருக்கும் என்று போனில் எவனோ எழுதி வைத்திருந்தான். அன்றோடு தூக்கம் போனது. மனைவி காவேரியிடம் சொல்லவில்லை. ஓ.டி. அலுப்பு என்று சொல்லி ஹாலில் தனியாகப் பாய் விரித்துக்கொண்டேன். அவளுக்கும் ஒரு வருடமாக இடுப்பு வலி. தைலம் வாங்கி வருவது மட்டும் என் வேலையாக இருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இன்னும் எத்தனை வருடப் படிப்பு பாக்கி என்று தினமும் எண்ணுவேன்.

முதல் இரண்டு முறையும் மெடிக்கல் ரூமில் இருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தார், அசிடிட்டி மாத்திரை எழுதினார், முடிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. என் வாயைக் கட்டிப்போட்டது ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம்.

அப்போது காண்ட்ராக்டில் முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு கல்யாண ஹாலில் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, "கழட்டு. இருமு. அடுத்தவன் வா" என்று ஒரு டாக்டர் கையை வைத்துக்கொண்டே போனார். கதவு திறந்தே கிடந்தது. டீ கொண்டு வந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி திரும்பிப் போனாள். வெளியே வந்ததும் பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இனி எந்த டாக்டர் முன்னாலும் பேன்ட்டை அவிழ்ப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மூன்றாம் முறை போனபோது நாற்காலியில் புது டாக்டர், ஒரு பெண். மதிவதனி என்று மேஜையில் பெயர்ப்பலகை. சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அவர் படுக்கச் சொல்லி வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"வயிறு மெத்துன்னு இருக்கு. வலின்னா முகம் காட்டிக் கொடுத்துரும், உங்க முகத்துல ஒண்ணுமே இல்ல. வேற ஏதோ சொல்ல வந்து மூணு தடவையும் முழுங்கிட்டீங்களா?"

என்னை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கீழ… கட்டி மாரி கீது மேடம்."

"விதையிலயா?" முழங்கையிலா என்று கேட்பது போல் கேட்டார். "பாக்கணும். ஆம்பள டாக்டர்தான் வேணும்னா வியாழக்கிழமை வருவார், அவர்கிட்ட நானே சொல்லி வைக்கிறேன். இல்ல, இப்பவே நான் பாக்கலாம். ரெண்டுல எதுன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல."

வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. "இப்பவே பாத்துருங்க" என்றேன்.

"கூட ஒரு ஆள் ரூம்ல இருக்கணும். நர்ஸ் டில்லிபாபு இருக்கலாமா?"

டில்லிபாபு என் ஊர்க்காரன். பென்னலூரில் இரண்டு தெரு தள்ளி வீடு. எனக்கு வியர்த்துவிட்டது. மருந்து அலமாரிப் பக்கம் நின்றிருந்த அவனே சொன்னான்: "அண்ணே, நான் திரைக்கு இந்தாண்ட திரும்பிகினு நிக்கிறேன். இங்க கேட்டது இங்கியே இருக்கும். வூட்ல கூட வாய் தொறக்க மாட்டேன்." அவன் குரலில் கிண்டல் இல்லை. தலையாட்டினேன்.

டாக்டர் கதவைத் தாழ்போட்டார். ஒரு துணியைக் கையில் கொடுத்தார். "இதைப் போத்திக்கிட்டுத் தேவையான அளவு மட்டும் இறக்குங்க. ரெடின்னு சொன்னதும் வர்றேன்" என்று திரைக்கு அந்தப் பக்கம் போனார். நான் ரெடி ஆக ஐந்து நிமிடம் ஆயிருக்கும். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

வந்தவர் கையுறை போட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். "முதல்ல நல்லா இருக்கிற பக்கம், அப்புறம்தான் கட்டி. ஒவ்வொண்ணும் சொல்லிட்டுத்தான் செய்வேன். எப்ப வேணாலும் நிறுத்துங்கன்னு சொல்லுங்க, நிறுத்திடுவேன். தொடலாமா?"

தொடலாமா என்று கேட்கிறார்! அந்த ஹாலில் எங்களைச் சந்தை மாடுகள் மாதிரி நிறுத்தியவருக்கு இந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லையே என்று கோபம் கோபமாக வந்தது. தலையாட்டினேன். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் கை வந்ததும், வலியே இல்லாமல், "நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன்.

கை உடனே விலகியது. துணியை இழுத்து மூடிவிட்டு ஓர் அடி பின்னால் நின்றார். "வலிச்சுதா?"

"இல்ல மேடம். பயம்."

"சரி. இன்னைக்கு இதோட போதும்னாலும் போதும்."

நான் நாலு முறை மூச்சு விட்டேன். பிறகு, "பாருங்க" என்று நானே சொன்னேன். நிறுத்துவார் என்று தெரிந்த பிறகு பயம் பாதியாகக் குறைந்துபோயிருந்தது.

இடது பக்கத்தையும் பார்த்துவிட்டு, எழுந்து நின்று இருமச் சொன்னார். குடலிறக்கம் இருந்தால் இருமும்போது தெரியும் என்று காரணத்தையும் சொன்னார். அன்றைக்கு ஹாலில் எதற்கு இருமினோம் என்பது ஒன்பது வருடம் கழித்து விளங்கியது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன டார்ச்சை எடுத்தார். "கட்டிக்குப் பின்னாடி வெளிச்சம் வச்சுப் பாப்பேன். கெட்டியா இருந்தா வெளிச்சம் வராது. தண்ணியா இருந்தா வரும்."

நான் பிழைப்பு நடத்துவதே அப்படித்தான். தினமும் நானூறு ஹெட்லைட்டுக்குப் பின்னால் விளக்கை வைத்து விரிசல் பார்க்கிறவன். "நானும் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"உங்க உடம்பு, தாராளமா."

குனிந்து பார்த்தேன். அந்த வேர்க்கடலை இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. ஒரு புள்ளி இருட்டு இல்லை.

"விதையில இல்ல. அதுக்குப் பின்னாடி தனியா ஒரு நீர்ப்பை. இது பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா என் கையை மட்டும் நம்ப வேணாம், ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். ரிப்போர்ட்டை ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்குக்கே கொண்டு வாங்க, சாயந்திரம் அங்கதான் இருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. டில்லிபாபு திரும்பாமலே டிஷ்யூ பெட்டியைத் திரைக்கு அடியில் நீட்டினான்.

லைனுக்குத் திரும்பியதும், "வயிறு இன்னா ஆச்சிண்ணா?" என்று சுவாதி கேட்டாள். "போயே போச்சி" என்றேன். அது பொய்யில்லை என்றே தோன்றியது.

சனிக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. வெறும் நீர்ப்பை. பெரிதானாலோ வலித்தாலோ வந்தால் போதும் என்றார் டாக்டர். கிளினிக் படியில் இறங்கும்போது எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரனைப் பார்த்துக்கூடச் சிரித்தேன்.

வீட்டுக்குப் போய்க் காவேரியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் என் தோளில் ஓங்கி அறைந்தாள்.

"தனியா பட்த்துகினு இருந்தியே, வேற எவளாச்சும் கீறாளோன்னு நெனச்சேன்யா! ரெண்டு மாசமா செத்துகினு இருந்தேன்."

அறைந்துவிட்டு அழுதாள், பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த முறை அழாமல் இருப்பதற்காகச் சிரிக்கவில்லை. மகள் என்னவென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து குதித்தாள். அவளை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்த காவேரி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிறுத்துன்னா நெஜமாவே நிறுத்துனாங்களா?"

"நிறுத்துனாங்க."

"தொடலாமான்னு கேட்டாங்களா?"

"ஒவ்வொரு வாட்டியும்."

அவள் அலமாரியிலிருந்த தைல பாட்டிலைப் பார்த்தாள். "பாப்பா பொறக்கசொல்ல, ஆஸ்பத்திரில நான் நிறுத்துங்கன்னு கத்துனேன். நாலஞ்சி பேர் சுத்தி நின்னுகினு இருந்தாங்க. ஒருத்தரும் நிறுத்தல. வாய மூடுன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கு இடுப்பு வலிச்சதே இல்லய்யா. கீழ ஏதோ எறங்கினு வர மாரி கீது. ஒரு வருசமா."

ஒரு வருடமாக நான் வாங்கி வந்த தைலம் அத்தனையும் கண்முன் வந்தது. கூட வயிற்று வலிச் சீட்டுகளும் வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிளினிக் நம்பரைப் போட்டேன். யாரோ எடுத்து, திங்கட்கிழமை ஆறு மணிக்கு வரலாம், என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். இடுப்பு வலி என்று சொல்லிவிடலாமா என்று நான் தயங்கினேன்.

காவேரி என் கையிலிருந்து போனை வாங்கினாள். தன் பெயரைச் சொன்னாள். பிறகு, இருப்பதை இருக்கிறபடி சொன்னாள்.