குச்சி நழுவிய இடம்

எங்கள் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் பத்துப் பாட்டு. ஒன்பதை என் அண்ணன் பாடி முடித்துவிட்டான். பத்தாவது, அண்ணிக்காக அவன் எழுதியது. ஆல்பம் வெளிவரும்வரை அண்ணியிடம் மூச்சுவிடக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான்.

டயர் கடைக்கு அடியில் இருந்த நிலவறைதான் எங்கள் ஸ்டூடியோ. டிரம்ஸ் வாசிப்பதும் நான், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும் நான். முதலில் டிரம்ஸைப் பதிவு செய்வோம். பாட்டு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிவதற்காக அண்ணன் எதிரே நின்று சும்மா பாடுவான். அதற்குக் கைடு என்று பெயர். டிரம்ஸ் அமைந்ததும் கைடை அழித்துவிடுவோம். அப்புறம் ஒருநாள் அவன் நிதானமாக நிஜப் பாட்டைப் பாடுவான். ஒன்பதுக்கும் அப்படித்தான் செய்தோம்.

பத்தாவது பாட்டன்று அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. எனக்கு வழக்கம்போல மூக்குக்கு மேல் கோபம். இரண்டாவது சரணத்தில் குச்சி கைநழுவிப் பறந்தது. தேடி எடுத்து மறுபடி அடிப்பதற்குள் நாலு வரி போய்விட்டது.

"முதல்லேருந்து போலாம்" என்றேன்.

"வேணாம்டா. அந்த இடம் காலியா இருக்கிறதுதான் நல்லா இருக்கு. நீ எப்பப் பாரு வீட்டை இடிக்கிற மாதிரி அடிக்கிற."

"அப்ப டிரம்ஸே இல்லாம பாடிக்கோ."

"கோவிச்சுக்காதடா. என் கைடை மட்டும் அழிச்சிடு, கழுதை கத்துற மாதிரி இருக்கு. நாளைக்கு ஒழுங்கா பாடறேன்."

அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போன அண்ணன் அங்கேயே விழுந்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது.

ஒரு மாதம் கழித்து அண்ணி ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் அவனுடைய நோட்டு, பத்தாவது பாட்டு எழுதியிருந்த பக்கம் திறந்தபடி.

"தம்பி, இதை அவர் பாடினதைக் கேக்கணும். எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

"நானே அழிச்சிட்டேன் அண்ணி."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்குப் பதிவானதுல எதுவுமே மிச்சம் இல்லையா?"

"என் டிரம்ஸ் மட்டும்தான் இருக்கு."

"அதைப் போடுங்க. அவரும் அந்த ரூம்லதானே இருந்தார்?"

இத்தனை நாளும் எனக்கு அது தோன்றவே இல்லை. போட்டேன். டிரம்ஸைச் சுற்றி வைத்திருந்த ஆறு மைக்கிலும் நான், நான், நான். அடிக்கு அடியில் எங்கோ ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். என் கைகளை அன்று வெறுத்தேன்.

இரண்டாவது சரணத்தில் குச்சி தரையில் விழுந்தது.

அறை முழுக்க அண்ணன். தொண்டை கட்டிய குரல், தூரத்திலிருந்து, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. அண்ணி நோட்டைத் திறந்து அந்த வரிகள் மேல் விரலை ஓட்டினார். மூன்றாவது வரியில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடியிருக்கிறான். அன்று நான் குனிந்து குச்சி தேடிக்கொண்டிருந்தேன்.

நாலு வரி. பிறகு டிரம்ஸ் வந்து அவனை மூடிவிட்டது.

அண்ணி கடைசிவரை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கோபமில்லாமல், ஒரு பேச்சுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"இன்னும் ரெண்டு தடவை கீழ போட்டிருக்கலாமே தம்பி."