கதிர்காமத்துக்கு வந்த கடல்

செந்தமிழ்ச்செல்வியின் சமையலறைக்குள் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லி வெந்துகொண்டிருந்தபோது. கதிர்காமத்துக்கும் கடற்கரைக்கும் நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும். நடுவில் எத்தனையோ தெருக்கள், ஒன்றும் நனையவில்லை. பாத்திரம் கழுவும் சிங்க்கின் துளை வழியாகப் பொங்கி, தரையில் கணுக்கால் அளவு நின்று, சின்னதாக இரண்டு அலை அடித்து, ஃபிரிட்ஜின் அடியில் நுரையை விட்டுவிட்டுத் திரும்பியது. சாயங்காலம் மறுபடி வந்தது. பக்கத்து வீட்டு மணியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாடி செல்வி, உங்க ஊட்டுல நண்டு ஓடுது?" என்று கேட்டுவிட்டு, அதில் இரண்டைப் பிடித்துக்கொண்டு போனாள்.

செல்வி மில் தொழிலாளியின் மகள். மில் மூடிய பிறகும் அப்பா விடாமல் அவளைக் கடல் உயிரியல் படிக்க வைத்தார். மீனைப் பற்றித் தெரிந்துகொள்ளக் காலேஜ் எதற்கு, மார்க்கெட்டில் ஒரு நாள் நின்றால் போதாதா என்று தெருவே சிரித்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினாள், ஆமை முட்டைகளுக்குக் காவல் இருந்தாள், கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பள்ளிகளுக்குப் போய்க் கடலைப் பற்றிச் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. மாசி மகத்துக்கு மட்டும் கடலைப் பார்த்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எவர்சில்வர் தூக்கில் கடல்நீர் கொண்டுபோவாள். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தூக்குக்குள் குனிந்து, கடலிடம் சொல்ல நினைப்பதை ரகசியமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கே அந்த நீரை வீராம்பட்டினத்துக் கரையில் கொண்டுபோய் ஊற்றிவிடுவாள். தூக்கு அவளைப் பிரபலமாக்கியது. பயிற்சி, கூட்டம், கொச்சி, சென்னை என்று வருடங்கள் ஓடின. மகள் பிறந்தபோது நெய்தல் என்று பெயர் வைத்தாள், பெயரைக்கூடக் கடலுக்கே கொடுத்துவிட்டாள் என்று கணவன் இளம்பரிதி குறைபட்டுக்கொண்டான். அவனுக்குக் கம்பெனியில் ஷிப்ட். பிள்ளை பெரும்பாலும் மணியம்மாள் வீட்டில் வளர்ந்தது.

கடல் வருவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, நெய்தல் படிக்கும் பள்ளியிலேயே வகுப்பு. மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்று அவளும் தூக்குக்குள் ஏதோ சொன்னாள். செல்வியைத் திட்டத் தலைவியாக்குவது பற்றி அன்று மாலை ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தவள், ஒரு நாள்தானே என்று தூக்கை சிங்க்கில் கவிழ்த்துவிட்டாள். அலட்சியம் என்றால் இதுதான்.

இளம்பரிதி துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்தான். கடல் சுவர் விரிசல் வழியாக வந்தது. கணுக்கால் முழங்கால் ஆனது. கடலைக் கண்டு பயப்படாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சொந்த வீட்டில் பயம் பிடித்தது. ஏனென்றால் அலை வேறு யாரையும் தொடவில்லை, நெய்தலை நோக்கி மட்டும் வந்தது. முதலில் அவளுடைய ரிப்பனைக் கொண்டுபோனது. பிறகு தண்ணீர் பாட்டில். பிறகு ஒரு பள்ளி ஷூ. பிள்ளையை மணியம்மாள் வீட்டில் விட்டால் தண்ணீர் அங்கே வாசற்படி ஏறியது. ஒரு மதியம் இடுப்பளவு நீரில் நின்று நெய்தல் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். செல்வி ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்தாள். இன்னொரு கையை அலை பிடித்து இழுத்தது.

"தூக்குல இன்னாடி சொன்ன?"

"எங்கம்மா எப்பவும் ஒங்கூடவே இருக்குது, அதனால நீ எங்க ஊட்டுக்கே வந்துடுன்னு சொன்னேன்."

"போவச் சொல்லுடி கண்ணு. அம்மாவுக்கு பயமா இருக்குது."

"சொன்னா போயிடும். அப்புறம் அது பின்னாலயே நீயும் போயிடுவ."

செல்விக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரிலேயே உட்கார்ந்து மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, போகமாட்டேன் என்று சொன்னாள். இப்போது அவளுடைய வார்த்தையும் கடலுக்குக் கேட்டுவிட்டது. அலை பிடியை விட்டது, கணுக்கால் அளவுக்கு இறங்கியது, ஷூவைத் திருப்பித் தந்தது. போய்விடவில்லை.

தலைவி பதவிக்கு வேறு ஆள் வந்தார். செல்வியின் வகுப்பு இப்போது சமையலறையில் நடக்கிறது. பள்ளிகள் பஸ் வைத்துப் பிள்ளைகளை அழைத்து வருகின்றன, செருப்பை வாசலில் விட்டு இறங்குகிறார்கள். மணியம்மாள் நண்டுக்கு மார்க்கெட் போவதில்லை. போன மாதம் ஆபீசுக்குப் போன செல்வி டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் ஓடிவந்து கதவைத் திறந்தாள். நெய்தல் அடுப்பு மேடைமேல் கால்களை மடக்கி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மேடை விளிம்புவரை ஏறி, அசையாமல் நின்றது.

"லேட்டு," என்றாள் நெய்தல், நிமிராமல்.

செல்வி கைப்பையை ஆணியில் மாட்டினாள். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. முழங்காலுக்கு வந்ததும் உள்ளே போய், சோற்றுக்கு உலை வைத்தாள்.