பெட்டி மூடும் முன்

“பெட்டியை மூடப் போறோமுங்க. முத்தம் வெக்கிறவங்க வரிசையா வாங்க” என்றார் உபதேசியார்.

அம்மாவின் தலைமாட்டில் நின்ற ஜேக் வரிசையைப் பார்த்தான். நடுவில் வின்ஸ்டன் அங்கிள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மா விமலாராணியோடு கல்லூரியில் படித்தவர். அப்பாவுக்குக் கோயில் பங்குப் பேரவையில் நண்பர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிளம் கேக்கோடு மதுக்கரை வீட்டுக்கு வந்துவிடுவார். பெரிய துண்டு ஜேக்குக்குத்தான். அம்மா மட்டும் ஒரு வருடமும் அதைத் தொட்டதில்லை. சர்க்கரைக்குப் பயப்படுகிறாள் என்று வீடே கேலி செய்யும்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் மாஸ்க்கை அவளே விலக்கிவிட்டுப் பேசினாள்.

“அடுத்த வாரம் காலேஜுக்குப் போறே கண்ணு. பொண்ணுகளுக்குப் பத்திரமா இருன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. பசங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. உன்னை நம்பி ஒருத்தி தனியா வந்தா, வந்ததுக்குத்தான் அவளுக்குச் சம்மதம், வேற எதுக்கும் இல்ல. பேசாம இருக்காளேன்னு சரின்னு எடுத்துக்காதே. பயத்துல வாயே வராது சாமி. எனக்கு வரல.”

“யாருங்கம்மா?”

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “வின்ஸ்டன். நோட்ஸ் தர்றேன்னு கூப்பிட்டான்.”

“அப்பாவுக்குத் தெரியுமுங்களா?”

“ஏன் அப்பவே சொல்லலைன்னு அவரு ஒரு வார்த்தை கேட்டுட்டா என்னால தாங்க முடியாது. அதான் சொல்லாமயே விட்டுப்போட்டேன்.”

ஜேக்குக்கு அழுகைகூட வரவில்லை. மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். இதைச் சுமந்துகொண்டா இவள் டிகிரி முடித்தாள், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், கேரம் ஆடும்போது அவனை ஏமாற்றிவிட்டுச் சிரித்தாள்? இவ்வளவு பெரிய மனுஷியிடம்தான் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று தினமும் சண்டை பிடித்தோமா என்று வெட்கமாக இருந்தது. சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

இப்போது வின்ஸ்டன் பெட்டியருகே வந்து குனிந்தார். ஜேக் உள்ளங்கையால் அம்மாவின் நெற்றியை மூடினான்.

“தம்பி, கையை எடுப்பா.”

“வேண்டாமுங்க. அம்மாவுக்கு இஷ்டமில்லீங்க.”

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். வின்ஸ்டன் சிரிக்கப் பார்த்தார். “பாவம், பையன் ஏதோ துக்கத்துல... இன்னாசி, நீங்க சொல்லுங்க.”

இன்னாசிமுத்து மகனைப் பார்த்தார். ஏன் என்று அப்பா கேட்டுவிட்டால், இத்தனை பேர் நடுவில் அம்மாவைப் பற்றி என்னவென்று சொல்வது?

அவர் கேட்கவில்லை. வின்ஸ்டனின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பெட்டியைச் சுற்றி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

“வெளிய போயிருங்க வின்ஸ்டன்.”

வாசலில் வின்ஸ்டன் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. இன்னாசிமுத்து மகனின் கைமேல் தன் கையை வைத்தார். ஃப்ரீசரில் கிடந்த உடம்பின் குளிர் ஜேக்கின் விரல்களில் ஏறியிருந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை. மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள்.